சென்டர்போர்டு இறங்க மறுக்கிறது, பெட்டியோரம் தண்ணீரும் கசிகிறது: பலகையைத் தேய்த்துவிடலாமா?

அலைமுகம்

வணக்கம். என்னிடம் பதினான்கடி ஃபைபர்கிளாஸ் பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. இருவர் ஓட்டுவது, படகின் வயது இருபதுக்கு மேல். எனக்கு முன் இரண்டு பேரிடம் இருந்திருக்கிறது. சென்ற பருவம் முழுவதும் அம்மாவும் மகளுமாக அதில்தான் பாய் பிடிக்கக் கற்றுக்கொண்டோம். இப்போது சென்டர்போர்டு, அதாவது படகின் நடுவிலுள்ள பெட்டி வழியாகத் தண்ணீருக்குள் இறக்கும் சுழல் பலகை, எங்களை மிகவும் சோதிக்கிறது.

பலகை பிளைவுட்டால் ஆனது, மேலே ஃபைபர்கிளாஸ் போர்த்தியிருக்கிறது. ஏற்றுவதற்கு ஒரு கயிறு, இறக்குவதற்கு ஒரு கயிறு. முழுக்க ஏற்றி வைத்திருந்தால் மறுபடி இறங்க மறுக்கிறது. இறக்குக் கயிற்றை எவ்வளவு இழுத்தாலும் அசைவதில்லை. பெட்டியின் மேல்வாயில் தெரியும் விளிம்பைக் காலால் மிதித்தால் கரகரவென்று உரசிக்கொண்டு மெல்ல நகர்கிறது. பாதி தாண்டிவிட்டால் எந்தத் தடையும் இல்லை. திரும்ப ஏற்றும்போது முதல் பாதி எளிது, கடைசிப் பாதியில் மகளால் இழுக்கவே முடிவதில்லை. போன வாரம் கரைக்கு வரும்போது பலகை ஏறாமல் மணலில் குத்தி நின்றுவிட்டோம். பின்னாலிருந்து வந்த அலைகள் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டன. அதற்குப் பிறகு அவளைத் தனியாகப் படகில் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது கசிவு. ஒரு மணி நேரம் ஓட்டினால் அரை வாளித் தண்ணீர் சேர்கிறது. பெட்டியின் முன்பக்கத்தில், பலகை சுழலும் அச்சு போல்ட் இருக்கும் இடத்திலிருந்து வருகிறது. போல்ட்டை இறுக்கினேன், கொஞ்சம் குறைந்தது. மறுபடி வந்தது, மறுபடி இறுக்கினேன். இப்போது ஸ்பேனர் இனி திரும்பாது என்னும் அளவுக்கு இறுக்கியாகிவிட்டது. கசிவு மட்டும் நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு, அது சிறியது. நல்ல காற்றில் படகு வேகமெடுக்கும்போது அடியிலிருந்து வண்டு ரீங்கரிப்பதைப் போல ஒரு சத்தம் வருகிறது.

வரும் ஞாயிறு பலகையைக் கழற்றி, இரு பக்கமும் இரண்டு மில்லிமீட்டர் தேய்த்து மெலிதாக்கலாம் என்று இருக்கிறேன். எத்தனையாம் எண் உப்புத்தாள் சரி? தேய்த்த பிறகு மேலே என்ன பூச வேண்டும்?

தச்சுக்கை

உப்புத்தாளைக் கீழே வையுங்கள், சகோதரி. ஞாயிற்றுக்கிழமை வேலையை அளவுகோலோடு தொடங்குங்கள்.

முப்பது ஆண்டுகளாகச் சிறு படகுகளுக்கு மரவேலை செய்கிறேன். பலகை இறுகிவிட்டது என்றால் எல்லோருடைய கையும் முதலில் பலகையைத்தான் தேடிப் போகும். அது கழன்று வெளியே வரும், மேசைமேல் படுக்கும், தேய்க்க வாகாக இருக்கும். பெட்டியோ உள்ளே இருட்டில் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பெட்டி குறுகியதால் இறுகிய பலகைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில என்னிடம் வருவதற்கு முன்பே தேய்க்கப்பட்டுப் பாழாகியிருந்தன.

தேய்த்தால் என்ன நட்டம் என்கிறீர்களா? 200 கிராம் கண்ணாடித் துணியை இரண்டு அடுக்கு போட்டாலும் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். நீங்கள் இரண்டு மில்லிமீட்டர் எடுத்தால் அந்தத் தோல் முழுவதும் போய் மரம் வெளியே தெரியும். பிளைவுட்டுக்குள் தண்ணீர் போனால் அது ஊதும், ஊதினால் மறுபடி இறுகும். அதோடு, காற்றை எதிர்த்துப் போகும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் பிடித்து நிறுத்துவது இந்தப் பலகையின் வளைவான முகம்தான். விமானத்தின் இறக்கை காற்றில் செய்யும் வேலையை இது தண்ணீருக்குள் செய்கிறது. கையால் தேய்த்து இரு பக்கமும் ஒரே வடிவத்தைக் கொண்டுவருவது பழகியவனுக்கே சிரமம்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. கல்லோ சிப்பியோ சிக்கியிருந்தால் இறுக்கம் ஒருநாள் ஓரிடத்தில் வரும், மறுநாள் வேறிடத்தில் வரும். பலகை முழுவதும் ஊதியிருந்தால் மேலிருந்து கீழ்வரை எல்லா நிலையிலும் இறுகும். உங்களுடையது ஏறும்போதும் இறங்கும்போதும் அதே பகுதியில் இறுகுகிறது, அதைத் தாண்டினால் விட்டுவிடுகிறது. அப்படியென்றால் பலகையில் ஓரிடம் தடித்திருக்கிறது, பெட்டியில் ஓரிடம் குறுகியிருக்கிறது. பலகை மேலே இருக்கும்போது இரண்டும் நேருக்கு நேர் வருகின்றன.

போல்ட்டை இறுக்கிக்கொண்டே போனதாக எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அங்கேதான். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு படகில் கை வைக்கக் கூடாது, அளந்து பார்த்துவிடுவோம்.

பாய்மரத்தை இறக்கிவிட்டு, இரண்டு பழைய டயர்களின் மேல் படகைப் பக்கவாட்டில் சாயுங்கள். போல்ட்டைக் கழற்றும்போது நட்டு கை இறுக்கத்துக்குத் தளர எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பலகை வெளியே வந்ததும் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, காலிப்பரால் தடிமனை அளந்து, அந்த எண்ணைப் பென்சிலால் பலகையின் மேலேயே எழுதுங்கள். அச்சுத் துளையைச் சுற்றி இன்னும் நெருக்கமாக அளக்க வேண்டும்.

பெட்டியை அளக்க 23, 24, 25, 26, 27 மில்லிமீட்டர் தடிமனில் உள்ளங்கை அகல மரச்சக்கைகள் ஐந்து செய்து, ஒவ்வொன்றாக நீளக் குச்சியின் நுனியில் திருகி உள்ளே விட்டுப் பாருங்கள். எது எங்கே நிற்கிறது என்பதைப் பெட்டியின் வெளிப்பக்கத்தில் குறியுங்கள். இதை இரண்டு முறை செய்ய வேண்டும். முதல் முறை, பலகை இல்லாமல் போல்ட்டை மட்டும் திரும்ப மாட்டி, முன்பு இருந்த அதே சுற்றுக்கு இறுக்கிவிட்டு அளங்கள். இரண்டாம் முறை தளர்த்திவிட்டு அளங்கள்.

எண்களோடு வாருங்கள், பேசுவோம்.

கரைக்காவல்

தச்சுக்கை ஐயா சொன்னதோடு ஒரே ஓர் எச்சரிக்கை. டிரெய்லர்மேல் படகு இருக்கும்போது அடியில் படுத்துக்கொண்டு அந்த போல்ட்டை உருவாதீர்கள். உங்களுடையது மரப்பலகை, ஐந்து கிலோ இருக்கலாம். என் பழைய படகில் இரும்புத் தகடு. மேலிருந்து கயிறு பிடித்திருக்கிறதே என்று நம்பி போல்ட்டை எடுத்தேன், கயிற்றைப் பிடித்து நிறுத்தும் கிளீட்டிலிருந்து அது நழுவியது. தகடு என் முழங்கைக்கு நான்கு விரல் தள்ளித் தரையில் குத்தி நின்றது. சாய்த்துப்போட்டுச் செய்வதுதான் சரி.

இன்னொன்று, பலகையை எடுத்ததும் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மெல்லிய எஃகு அளவுகோலை உள்ளே விட்டு, சுவர்களோடு ஒட்டி மேலும் கீழும் சுரண்டுங்கள். கரையில் படகை இழுக்கும்போது புகுந்த கூழாங்கல் ஒன்று மூலையில் ஒளிந்திருந்தாலும் வந்துவிடும்.

அலைமுகம்

ஐயா, நீங்கள் சொன்னபடியே அளந்துவிட்டோம். இரண்டு நாள் ஆயிற்று.

பெட்டிக்குள் கைப்பிடி மணல் இருந்தது, கல் இல்லை. பலகை எல்லா இடத்திலும் 22 மில்லிமீட்டர். ஓரிடத்தில் மட்டும் வேறு: அச்சுத் துளைக்கும் ஏற்றுக் கயிறு கட்டும் துளைக்கும் இடையே, ஒரு கை அகலத்துக்கு, 24.5 வரை போகிறது. அளவுகோலைக் குறுக்கே வைத்து மறுபக்கம் டார்ச் பிடித்தபோது அந்த மேடு கண்ணுக்கே தெரிந்தது. அச்சுத் துளையும் வட்டமாக இல்லை. போல்ட் 10 மில்லிமீட்டர், துளை ஒரு பக்கம் 10, மறுபக்கம் 13. துளையின் உள்விளிம்பில் தோல் பிளந்து மரம் கறுத்திருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினேன், பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டு நீர் வெளியே வந்தது. படகு தண்ணீரைவிட்டு வந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் உள்ளே ஈரம்.

பெட்டியைப் பற்றி நீங்கள் சந்தேகப்பட்டதுதான் நடந்திருக்கிறது. நட்டு இரண்டு சுற்றில் தளர்ந்தது. திரும்ப மாட்டி அதே அளவு இறுக்கிவிட்டு அளந்தபோது 24 சக்கைகூட போல்ட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. நான் குச்சியைப் பிடித்துக்கொண்டேன், மகள் ஸ்பேனரால் மெல்லத் தளர்த்தினாள். முதல் சுற்றில் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது சுற்று முடிவதற்குள் சக்கை என் கையிலிருந்து தானாகக் கீழே நழுவியது. பிறகு 26ஐ விட்டேன், அதுவும் தடையின்றிப் போனது. 27 மட்டும் லேசாக உரசியது.

போல்ட்டின் நடுப்பகுதியில் பள்ளம் விழுந்திருக்கிறது. சின்னச் சின்னப் பழுப்புக் குழிகளும் இருக்கின்றன. ரப்பர் வாஷர்கள் இரண்டும் நசுங்கி ஓரம் கிழிந்திருக்கின்றன.

கசிவை நிறுத்துவதாக நினைத்து நான்தான் பெட்டியை நெரித்திருக்கிறேனா?

தச்சுக்கை

ஆம், ஆனால் உங்கள் மேல் தவறில்லை. கசிகிற போல்ட்டை யாராக இருந்தாலும் இறுக்கத்தான் செய்வார்கள். இறுக்கினாலும் நெரியாதபடி அந்த இடத்தை அமைத்திருக்க வேண்டும். உங்கள் படகில் அப்படி அமைக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். பத்து மில்லிமீட்டர் போல்ட்டின் சாதாரணப் புரியிடை, அதாவது ஒரு சுற்றுக்கு நட்டு நகரும் தூரம், ஒன்றரை மில்லிமீட்டர். இரண்டு சுற்று என்றால் மூன்று. 27இலிருந்து மூன்று போனால் 24. பலகையின் மேடு 24.5. அது எப்படி நுழையும்? பெட்டியின் அடிப்பகுதி படகின் அடிமரத்தோடு சேர்ந்து கெட்டியாக நிற்பதால் அங்கே சுவர் வளையாது, போல்ட்டுக்கு மேலேதான் வளையும். பலகையை முழுக்க ஏற்றினால் கயிற்றுத் துளை இருக்கும் மூலை நேராக போல்ட்டுக்கு மேலே வந்து நிற்கும். இறக்கினால் அது பின்பக்கமாகப் போய்விடும். மேடும் குறுகலும் நேருக்கு நேர் வருவது பலகை மேலே இருக்கும்போது மட்டும். நீங்கள் சொன்ன நோய்க்குறி இதோடு அப்படியே பொருந்துகிறது.

இறுக்கியும் கசிவு ஏன் நிற்கவில்லை? ரப்பர் வாஷர் ஓரளவு நசுங்கினால்தான் அடைக்கும். அளவுக்கு மேல் நசுக்கினால் கிழியும். துளை நீள்வட்டமாகிவிட்டதால் ஒவ்வோர் அலைக்கும் பலகை முன்னும் பின்னும் இடித்து போல்ட்டை ஆட்டுகிறது. ஆடுகிற போல்ட்டைச் சுற்றி எந்த வாஷரும் நிலைத்து நிற்காது. அந்தத் துளையில் தோல் பிளந்ததால்தான் தண்ணீர் மரத்துக்குள் போய் மேடு வந்தது. ஆக, இரண்டு தொல்லைகளுக்கும் வேர் அந்த அச்சுத் துளைதான்.

1811இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சுவைன் குடும்பத்தார் இந்தச் சுழலும் பலகைக்குக் காப்புரிமை பெற்றார்கள். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அடிப்படை மாறவில்லை. படகின் அடியில் நாமே ஒரு நீண்ட துளையைப் போட்டு, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி, அந்தச் சுவரில் போல்ட்டுக்காக மேலும் இரண்டு துளைகள் போடுகிறோம். படகில் இதைவிட மரியாதை கொடுக்க வேண்டிய இடம் வேறில்லை என்பது என் எண்ணம்.

இனி வேலை. அவசரப்பட வேண்டாம், இதில் பெரும்பகுதி காத்திருப்பதுதான்.

முதலில் துளையின் சரியான மையத்தைப் பிடித்து வையுங்கள். தேய்ந்த துளையின் மையம் உங்களை ஏமாற்றும். தேயாத பக்கத்து விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் உள்ளே அளந்து பழைய மையத்தைக் குறியுங்கள். மெல்லிய பிளைவுட் அட்டை ஒன்றைப் பலகையின் தலைப்பகுதி வடிவத்தில் வெட்டி, அதன்மேல் அந்த மையத்தைத் துளையிட்டு வைத்துக்கொண்டால் எல்லாம் முடிந்த பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வரலாம்.

அடுத்து, ஊதிய இடத்தின் தோலை உரித்து, கறுத்த மரத்தைச் சுரண்டி எடுங்கள். உளி மென்மையாக இறங்கினால் அது கெட்ட மரம். நார் எதிர்த்து நின்று வெள்ளையாகச் சீவினால் அங்கே நிறுத்துங்கள். ஏற்றுக் கயிற்றின் துளையையும் சோதியுங்கள், அதுவும் மூடப்படாத மரமாக இருந்தால் அடுத்த வீக்கம் அங்கேதான் தொடங்கும்.

பிறகு உலர்த்த வேண்டும். வெயிலில் போடாதீர்கள், பலகை முறுக்கிக்கொள்ளும். நிழலில் காற்றோட்டமாக நிறுத்தி, மூன்று நாளைக்கு ஒருமுறை எடை போட்டுக் குறியுங்கள். எடை குறைவது நிற்கும் நாள்தான் பலகை உலர்ந்த நாள். தொட்டுப் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரமரத்தின் மேல் எபாக்சிப் பிசின் ஊற்றினால் ஒரே பருவத்தில் தகடு போலக் கழன்று வரும், பார்த்திருக்கிறேன்.

உலர்ந்த பிறகு துளையின் அடியில் பேக்கிங் டேப் ஒட்டுங்கள், எபாக்சி அதில் பிடிக்காது. முதலில் எதுவும் கலக்காத எபாக்சியை மரத்தில் தடவி ஊறவிடுங்கள். அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே நறுக்கிய கண்ணாடி இழையும் சிலிக்காத் தூளும் கலந்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் வழியாத பதத்தில் நிரப்புங்கள். ஒரே தடவையில் ஊற்ற வேண்டாம். கனமாக ஊற்றிய எபாக்சி தன் சூட்டிலேயே கொதித்து நுரைத்துவிடும், பாதிப் பாதியாக இரண்டு முறை நிரப்புங்கள். கெட்டியானதும் மேலே மெழுகு போல ஒரு படலம் வரும். தேய்ப்பதற்கு முன் தண்ணீரும் பிரஷும் கொண்டு அதைக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த பூச்சு பிடிக்காது. பிறகு 80ஆம் எண் உப்புத்தாளால் மட்டப்படுத்தி, இருபுறமும் கண்ணாடித் துணி இரண்டு அடுக்கு. உங்களுக்கு உப்புத்தாள் தேவைப்படும் இடம் இது ஒன்றுதான்.

இப்போது முக்கியமான பகுதி. 16 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 10 உள்விட்டமும் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழல் ஒரு துண்டு வேண்டும். அதன் நீளம் பலகையின் தடிமன் அளவுக்கு இருந்தால் போதாது, பெட்டியின் உள் அகலத்துக்கு இருக்க வேண்டும். பலகையின் புதுத் துளையைக் குழலைவிட அரை மில்லிமீட்டர் பெரிதாகப் போடுங்கள். சுற்றிலும் எபாக்சி இருப்பதால் இனி தண்ணீர் மரத்தைத் தொடாது. குழல் பலகையின் இருபுறமும் இரண்டரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். போல்ட்டை இறுக்கும்போது சுவர்கள் இரண்டும் குழலின் முனைகளில் முட்டி நிற்கும், அதற்குமேல் நெரிக்க முடியாது. பலகை குழலின் மேல் சுழலும், போல்ட் ஆடாது.

பலகை நடுவில் நிற்க, நீட்டிக்கொண்டிருக்கும் குழலின் மேல் பக்கத்துக்கொரு பிளாஸ்டிக் வளையம், இரண்டு மில்லிமீட்டர் தடிமனில். டெல்ரின் வாங்குங்கள், நைலான் வேண்டாம். நைலான் தண்ணீர் குடித்து ஊதும்.

போல்ட்டைப் புதிதாக மாற்றிவிடுங்கள், 316 தரம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தன்மேல் ஒரு மெல்லிய படலத்தால் தன்னைக் காத்துக்கொள்கிறது, அந்தப் படலம் நிலைக்க ஆக்சிஜன் வேண்டும். காற்று எட்டாத ஈரத்துளைக்குள் அடைபட்டிருந்தால் அது குழிகுழியாக அரிக்கும். நீங்கள் பார்த்த பழுப்புக் குழிகள் அவைதான். வெளியே பளபளப்பாக இருக்கும் போல்ட் உள்ளே பாதி அறுந்திருக்கக் கூடும்.

வெளிப்பக்கம் போல்ட் தலை, உலோக வாஷர், ரப்பர் வாஷர், பிறகு சுவர். நட்டுப் பக்கமும் அதே வரிசை. ரப்பரின் ஓரம் லேசாகப் பிதுங்கத் தொடங்கியதும் கையை எடுத்துவிடுங்கள். சீலன்ட் போடுவதானால் பாலிசல்ஃபைடு போடுங்கள். சிலிக்கோன் மட்டும் கூடாது. அது ஒருமுறை பட்ட இடத்தில் பிறகு எபாக்சியோ பெயின்டோ ஒட்டவே ஒட்டாது.

அலைமுகம்

நன்றி ஐயா, அச்சடித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஒரே சந்தேகம். குழலை மிகச்சரியாக 27க்கு வெட்ட வேண்டுமா? கொஞ்சம் கூடக் குறைய ஆனால்?

தச்சுக்கை

கூடவே கூடாது. நீளமாக இருந்தால் ரப்பர் அழுந்துவதற்கு முன் சுவர் வெளியே பிதுங்கி நிற்கும், அடிமூட்டில் வெடிப்பு வரும். கால் மில்லிமீட்டர் குறையலாம். உங்களுக்கு 27 சக்கை உரசியது என்றீர்களே, அதனால் 26.75 வைத்துக்கொள்ளுங்கள். இரு முனைகளும் குழலுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், அரத்தால் பிசிறு எடுத்துவிடுங்கள். கூர்விளிம்பு இருந்தால் பெட்டிச் சுவரைக் கீறும்.

மாட்டும்போது துளைகள் நேராக வராமல் படுத்தும். முனை கூராக்கிய மரக்குச்சியை முதலில் விட்டு மூன்றையும் ஒரு கோட்டில் கொண்டுவந்து, போல்ட்டால் அந்தக் குச்சியைத் தள்ளிக்கொண்டே போங்கள்.

எதிர்காற்று

அக்கா, அந்த ரீங்காரத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் 420 என்னும் இருவர் பாய்ப்படகு ஓட்டுகிறேன், எங்களுக்கு இது பழகிய சத்தம்.

பலகையின் பின்விளிம்பிலிருந்து தண்ணீர் பிரியும்போது இடமும் வலமுமாக மாறி மாறிச் சுழல்கள் உருவாகின்றன. இயற்பியலில் கார்மன் சுழல்கள் என்பார்கள். பின்விளிம்பு மொட்டையாகவோ உருண்டையாகவோ இருந்தால் அந்தத் துடிப்பு பலகையையே அதிரவைக்கும். காற்றில் தந்திக்கம்பி பாடுவதும் இதே காரணத்தால்தான். பின்விளிம்பை இரண்டு மில்லிமீட்டருக்கு மெலிதாக்கி, ஒரு பக்கம் மட்டும் அரத்தால் முப்பது பாகைச் சாய்வில் சீவிவிடுங்கள். இரு பக்கத்துச் சுழல்களின் ஒழுங்கு கலைந்துவிடும், சத்தம் நின்றுவிடும். கத்திபோலக் கூராக்காதீர்கள், கரையில் முதல் உரசலிலேயே உதிரும். சீவிய இடத்தில் எபாக்சி ஒரு கை பூசி மூட மறக்க வேண்டாம்.

படகைச் சாய்த்து வைத்திருக்கும்போதே அடியில் பெட்டியின் கீழ்வாயை மூடும் பட்டைகளையும் பாருங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்து நடுவில் சந்திக்கும் துணிப்பட்டைகள். அவை சுருண்டிருந்தால் பலகை ஏறும்போது ஒரு முனை உள்ளே மடிந்து ஆப்பு போலச் சிக்கும். போன பருவம் எனக்கு அது நடந்தது, போட்டியின் நடுவில், காற்றோடு போகும் கட்டத்தில். பலகை பாதியில் நின்றுவிட, எங்கள் பின்னால் வந்த நான்கு படகுகள் தாண்டிப் போயின. பட்டை நேராக, இழுத்து ஒட்டியிருக்க வேண்டும்.

நான் உண்மையில் சொல்ல வந்தது உங்கள் மகளைப் பற்றி. பலகையை மிகவும் வழுக்கலாக ஆக்கிவிடாதீர்கள். படகு முழுக்கத் தலைகீழாகக் கவிழ்ந்தால், தளர்ந்த பலகை பெட்டிக்குள் போய்விடும். அப்புறம் ஏறி நின்று படகை நிமிர்த்தப் பிடிமானமே இருக்காது, வழுக்கும் அடிப்பகுதி மட்டும் மிஞ்சும். எங்களில் எல்லோரும் அந்தப் பலகையின் மேல் நின்றுதான் படகை நிமிர்த்துகிறோம். இறக்குக் கயிறு எப்போதும் கிளீட்டில் இருக்க வேண்டும். ஆனால் அது இறுகிய கயிறாக இருந்து பலகை பாறையில் மோதினால் பலகை உடையும் அல்லது பெட்டி கிழியும். அதனால் இறக்குக் கயிற்றில் ஒரு முழம் ரப்பர்க் கயிறு சேர்த்துக் கட்டுங்கள். மோதினால் பலகை பின்னால் மடிந்து ஏறும், மோதல் தீர்ந்ததும் திரும்ப இறங்கும். கவிழ்ந்தாலும் பலகையை வெளியே பிடித்து வைக்கும். அவள் தனியாகப் போவதற்கு முன் ஆழம் குறைந்த இடத்தில் நீங்களே படகைக் கவிழ்த்து, பலகை வெளியே நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கரைக்கு வரும்போது பலகையைப் பாதி ஏற்றினால் சுக்கான் பிடி வேறு மாதிரி இருக்கும் என்பதையும் சொல்லிக்கொடுங்கள். பலகை பின்னால் சாயச் சாயத் தண்ணீரின் பிடிப்பு பின்னால் நகரும், படகு காற்றை நோக்கித் திரும்பும் இழுப்பு குறையும்.

அலைமுகம்

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன்.

கழற்றிய அன்று பலகை 5.9 கிலோ. மூன்று வாரத்தில் 5.2க்கு வந்து நின்றது. முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரை அந்தத் துளை குடித்து வைத்திருந்திருக்கிறது. எடைக் குறிப்பை மகள்தான் எழுதினாள். மூன்றாம் வாரம் இரண்டு முறை ஒரே எண் வந்ததும் என்னை எழுப்பிச் சொன்னாள்.

கெட்ட மரம் ஒரு டீத்தட்டு அளவுக்குப் போனது. நிரப்பி, கழுவி, மட்டப்படுத்தி, துணி போட்டு, ஒரு வாரம் தொடாமல் விட்டோம். இப்போது எந்த இடத்திலும் 22.5க்கு மேல் இல்லை. குழலை இரண்டு முறை வெட்ட வேண்டியிருந்தது, முதல் துண்டு கோணலாகிவிட்டது.

நேற்று தண்ணீரில் இறக்கினோம். இறக்குக் கயிற்றை நான் இழுக்கவில்லை. மகள் சுக்கானைப் பிடித்தபடியே இடக்கையால் இழுத்தாள். 'தொப்' என்று பலகை கீழே போய் முட்டும் சத்தம் கேட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி ஏற்றினாள், மறுபடி இறக்கினாள், ஐந்தாறு முறை. எதிர்காற்று சொன்னபடி மார்பளவுத் தண்ணீரில் படகைக் கவிழ்த்தோம், முழுக்கத் தலைகீழாக. ரப்பர்க் கயிறு பலகையைப் பிடித்து வைத்திருந்தது. அவளே அதன்மேல் ஏறி நின்று நிமிர்த்தினாள், நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரீங்காரமும் இல்லை, இத்தனைக்கும் நேற்று நல்ல காற்று.

தண்ணீர் இன்னும் கொஞ்சம் வருகிறது ஐயா, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு குவளை. கரைக்கு வந்ததும் துடைத்துக் காயவைத்து, பெட்டியைச் சுற்றி டால்கம் பவுடர் தூவி, பெட்டியின் கீழ்வாயை அடைத்து உள்ளே தண்ணீர் ஊற்றினேன். அச்சு போல்ட்டைச் சுற்றிப் பவுடர் வெள்ளையாகவே இருந்தது. பெட்டியின் பின்பக்கத்தில் ஏற்றுக் கயிற்றின் கிளீட்டைப் பிடித்திருக்கும் இரண்டு திருகுகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒரு மெல்லிய ஈரக்கோடு கீழே இறங்கியிருந்தது. நாளை அந்தத் திருகைக் கழற்றுகிறேன். இறுக்கப் போவதில்லை.

தச்சுக்கை

கழற்றியதும் துளையை எபாக்சியால் நிரப்பி, புதிதாகத் துளையிட்டு, பாலிசல்ஃபைடில் தோய்த்து மாட்டுங்கள். பக்கத்துத் திருகையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள், அது வயதில் அதற்கு இளையதல்ல.